மலேரியா ஒட்டுண்ணியும் சிவப்பணுவும்: ஆய்வுக்கு எந்தப் புரத இணையைத் தேர்ந்தெடுப்பது?

முதுநிலை ஆய்வேட்டுக்கோ முனைவர் பட்டப் பதிவுக்கோ தலைப்புத் தேடும் மாணவர்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. மலேரியா ஒட்டுண்ணியின் புரதங்கள் மனிதச் சிவப்பணுவோடு எப்படிப் பிணைகின்றன என்பதை ஆராய விரும்புகிறோம், ஆனால் எந்தப் புரதத்தை எடுப்பது என்று தெரியவில்லை என்கிறார்கள். பெரும்பாலோர் கையில் இரண்டு மூன்று பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தப் பெயர்கள் எந்த அளவுக்குப் புகழ்பெற்றவை என்பதை மட்டும் பார்த்து முடிவெடுத்து, இரண்டாம் ஆண்டில் திசை தெரியாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் களத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். வெடித்த சிவப்பணுவிலிருந்து வெளிவரும் மெரோசோயிட் எனும் ஒட்டுண்ணி வடிவம் ஒன்று முதல் இரண்டு மைக்ரோமீட்டர் நீளமே உடையது. அது நுழைய வேண்டிய சிவப்பணுவோ 7 முதல் 8 மைக்ரோமீட்டர் விட்டம் கொண்டது. வெளியே வந்த மெரோசோயிட்டின் நுழையும் திறன் சில நிமிடங்களிலேயே மங்கிவிடும். அந்தக் குறுகிய நேரத்துக்குள் அது சிவப்பணுவைத் தொட்டு, அதன் சவ்வை அலைபோல் குலுக்கி, தன் கூர்முனை சவ்வை நோக்கும்படி திரும்பி, இறுக்கமான சந்திப்பு ஒன்றை அமைத்து உள்ளே நுழைகிறது. கீழே பேசப்போகும் புரதங்களில் சில இந்த நுழைவின் வெவ்வேறு கணங்களில் வேலை செய்பவை. ஒன்று மட்டும் நுழைந்து முடித்த பிறகு சிவப்பணுவின் வெளிப்புறத்தில் தோன்றுவது.

## எதைக் கொண்டு எடைபோடுவது

என் முதல் அளவுகோல், பிணைப்பு இல்லாத நிலையை உங்களால் காட்ட முடியுமா என்பது. ஒரு புரதம் சிவப்பணுவில் ஒட்டுகிறது என்று காட்டுவது எளிது; ஒட்டும் தன்மையுள்ள எந்தப் புரதமும் ஏதாவதொரு சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அது பிடிக்கும் ஏற்பியை (சிவப்பணுச் சவ்வில் உள்ள மூலக்கூறை) நீக்கிய சிவப்பணுவில் அதே புரதம் ஒட்டுவதில்லை என்று காட்டும்போதுதான் முடிவு நிற்கும். ஆகவே சரியான நெகட்டிவ் கன்ட்ரோல் சிவப்பணு உங்கள் ஊரில், உங்கள் செலவுக்குள், கிடைக்குமா என்பதே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்து, புரதத்தைச் சரியான மடிப்போடு தயாரிக்க முடியுமா என்று பாருங்கள். இந்தக் குடும்பப் புரதங்களில் டைசல்பைடு பிணைப்புகள் மிகுதி என்பதால், இ.கோலை பாக்டீரியா தரும் புரதம் ஜெல்லில் சரியான இடத்தில் பட்டையாகத் தெரிந்தாலும் தவறாக மடிந்திருக்கலாம். மூன்றாவது, உயிருள்ள ஒட்டுண்ணி வளர்ப்பு தேவையா என்பது. நான்காவது, அந்த ஒரு பிணைப்பைத் தடுத்தால் நுழைவு உண்மையிலேயே நிற்குமா என்பது. ஆய்வேட்டின் அறிமுகத்தில் "தடுப்பூசிக்கு உதவும்" என்று எழுதுவதற்கான உரிமை இந்த நான்காவது கேள்வியின் விடையிலிருந்துதான் கிடைக்கிறது. கீழுள்ள அட்டவணையில் ஒவ்வோர் இணையிலும் முதலில் வருவது ஒட்டுண்ணிப் புரதம், அடுத்து வருவது அது பிடிக்கும் சிவப்பணு மூலக்கூறு. ஃபால்சிபாரம், வைவாக்ஸ் இரண்டும் மலேரியா ஒட்டுண்ணியின் இனங்கள். சிவப்பணுவின் மேற்பரப்பிலிருந்து நியூராமினிடேஸ் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையையும், டிரிப்சினும் கைமோடிரிப்சினும் புரதங்களையும் வெட்டும் நொதிகள்.

| | இபிஏ-175 – கிளைக்கோஃபோரின் ஏ | டஃபி-பிணைப்புப் புரதம் – டஃபி ஏற்பி | ஆர்எச்5 – பேசிஜின் | ஈஎம்பி1 – சிஆர்1, ரத்தவகைச் சர்க்கரைகள் |
|---|---|---|---|---|
| ஒட்டுண்ணி | ஃபால்சிபாரம் | வைவாக்ஸ் | ஃபால்சிபாரம் | ஃபால்சிபாரம் |
| பிணைப்பை நீக்கிக் காட்டும் வழி | நியூராமினிடேஸ், டிரிப்சின் | கைமோடிரிப்சின். டஃபி இல்லாத சிவப்பணு | பேசிஜின் எதிர்ப்பொருள், கரையும் பேசிஜின் | ஹெப்பாரின், ஓ வகைச் சிவப்பணு |
| புரதத் தயாரிப்பு | நடுத்தரம் | இ.கோலை, பிறகு மறுமடிப்பு | பாலூட்டி அல்லது பூச்சிச் செல் | முழுப் புரதம் மிகக் கடினம் |
| உயிருள்ள வளர்ப்பு | இருந்தால் நல்லது | தொடர் வளர்ப்பு கிடையாது | நுழைவுத் தடுப்புச் சோதனைக்குத் தேவை | கட்டாயம் |
| தடுத்தால் நுழைவு நிற்குமா | பல திரிபுகளில் நிற்காது | பெரும்பாலும் ஆம் | ஆம் | நுழைவுக்குத் தொடர்பில்லை |

## இபிஏ-175 – கிளைக்கோஃபோரின் ஏ

முதன்முறையாக இத்துறைக்குள் வருபவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இந்த இணையைத்தான். 1994-இல் கிம் லீ சிம்மும் உடன் ஆய்வாளர்களும் இந்தப் புரதத்தின் 'இரண்டாம் பகுதி' (ரீஜன் II) எனப்படும் துண்டு, சிவப்பணுச் சவ்வுப் புரதமான கிளைக்கோஃபோரின் ஏ-வோடு பிணைவதையும், அப்பிணைப்புக்குச் சியாலிக் அமிலமும் புரதத் தண்டின் அமினோ அமில வரிசையும் சேர்ந்தே தேவைப்படுவதையும் காட்டினார்கள். 2005-இல் நிராஜ் தோலியாவும் குழுவினரும் அந்தப் பகுதியின் படிக அமைப்பை வெளியிட்டபோது, இரண்டு மூலக்கூறுகள் கைகோத்ததுபோல் இணைந்து சியாலிக் அமிலத்தைப் பிடிக்கும் விதம் தெரியவந்தது. ஒரு சிவப்பணுவில் ஏறத்தாழ பத்து லட்சம் கிளைக்கோஃபோரின் ஏ மூலக்கூறுகள் இருப்பதால், வெஸ்டர்ன் பிளாட்டில் (எதிர்ப்பொருளைக் கொண்டு புரதத்தைப் பட்டையாகக் காட்டும் முறை) தெளிவாகத் தெரியும் அளவுக்குச் சமிக்ஞை கிடைத்துவிடுகிறது.

சோதனையின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. ஒட்டுண்ணி வளர்ப்பின் மேல்திரவத்தைச் சிவப்பணுக்களோடு கலந்து வைத்து, பிறகு அந்தக் கலவையை எண்ணெய் அடுக்கின் மேல் ஊற்றிச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுகிறோம். சிவப்பணுக்கள் எண்ணெயைத் துளைத்துக்கொண்டு குழாயின் அடியில் செந்நிறப் பொட்டாக உட்காருகின்றன; பிணையாத புரதம் மேலே திரவத்திலேயே தங்கிவிடுகிறது. அடியில் உள்ள செல்களை அடர்ந்த உப்புக் கரைசலால் கழுவினால் பிணைந்திருந்த புரதம் விடுபட்டு வருகிறது. இதே சோதனையை நான்கு வகைச் சிவப்பணுக்களில் செய்ய வேண்டும்: எதுவும் செய்யாதவை, நியூராமினிடேஸ் இட்டவை, டிரிப்சின் இட்டவை, கைமோடிரிப்சின் இட்டவை. இபிஏ-175 என்றால் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பட்டை மறைந்து, நான்காவதில் நிற்க வேண்டும். கிளைக்கோஃபோரின் பி-யோடு பிணையும் புரதமாக இருந்தால் டிரிப்சினில் நின்று கைமோடிரிப்சினில் மறையும். இந்த நான்கு பட்டைகளின் வரிசையே அந்தப் புரதத்தின் கைரேகை.

நொதி உண்மையிலேயே வேலை செய்ததா என்பதைத் தனியாகச் சோதிக்க மறக்காதீர்கள். அதற்கு நிலக்கடலையிலிருந்து எடுக்கும், சர்க்கரையைப் பிடிக்கும் புரதமான லெக்டின் போதும். சியாலிக் அமிலம் நீங்கியவுடன் அடியிலிருந்த கேலக்டோஸ் வெளித்தெரிவதால், நியூராமினிடேஸ் இட்ட சிவப்பணுக்கள் இந்த லெக்டின் பட்டதும் மணல்மணலாகத் திரண்டுவிடும். இடாதவை திரளாமல் சீராகக் கலங்கி நிற்கும். கண்ணாலேயே பார்க்கக்கூடிய இந்தச் சோதனையைச் செய்யாமல் பல மாதத் தரவைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கியவர்கள் உண்டு.

மறைந்திருக்கும் செலவு உயிரியல் தளத்தில் இருக்கிறது. ஃபால்சிபாரத்துக்கு நுழைய வேறு வழிகளும் உண்டு. இபிஏ-175 மரபணுவை நீக்கினாலும் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்கிறது. சியாலிக் அமிலத்தை நம்பியிருந்த டிடி2 திரிபு, நியூராமினிடேஸ் இட்ட செல்களில் தொடர்ந்து வளர்க்கப்பட்டபோது ஆர்எச்4 என்ற வேறொரு புரதத்தை மிகுதியாக்கிக்கொண்டு நுழையக் கற்றுக்கொண்டது. 3டி7 திரிபு முதலிலிருந்தே சியாலிக் அமிலம் இல்லாமலும் நுழையக்கூடியது. ஆகவே "இபிஏ-175-ஐத் தடுத்தால் மலேரியாவைத் தடுக்கலாம்" என்ற வாக்கியம் உங்கள் ஆய்வேட்டில் வரக்கூடாது. பிணைப்பின் தன்மையைப் பற்றிய கேள்விக்கு இது மிகச் சிறந்த இணை. தடுப்பு பற்றிய கேள்விக்கு இதை மட்டும் நம்பி நிற்க முடியாது.

ஆறு மாத ஆய்வேடு, சென்ட்ரிஃபியூஜும் வெஸ்டர்ன் பிளாட்டும் மட்டுமே உள்ள துறை, ரத்த வங்கியிலிருந்து முறைப்படி பெறும் கொடையாளர் ரத்தம் என்பதே உங்கள் நிலை என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். வளர்ப்பு வசதி இல்லாதவர்கள் மேல்திரவத்துக்குப் பதிலாக இரண்டாம் பகுதியை மட்டும் தனியே தயாரித்தும் இதே சோதனையைச் செய்யலாம்.

## டஃபி-பிணைப்புப் புரதம் – டஃபி ஏற்பி

இந்த நான்கில் மனிதச் சான்று மிக வலுவாக உள்ள இணை இதுதான். டஃபி ரத்தவகை இல்லாத சிவப்பணுவில் நோலெசி என்ற குரங்கு மலேரியா ஒட்டுண்ணி நுழைவதில்லை என்று லூயிஸ் மில்லரும் உடன் ஆய்வாளர்களும் 1975-இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டே வைவாக்ஸ் தொற்றும் டஃபி இல்லாதவர்களைத் தவிர்ப்பதைச் சொன்னார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பெரும்பாலான மக்களிடம் டஃபி ஏற்பி சிவப்பணுவில் தோன்றாததும், அங்கே வைவாக்ஸ் அரிதாக இருப்பதும் ஒரே ஒரு மரபணு எழுத்து மாற்றத்தோடு தொடர்புடையவை. 2010-இல் மடகாஸ்கரிலிருந்து டஃபி இல்லாதவர்களிடமும் வைவாக்ஸ் இருப்பதாக வந்த அறிக்கை இந்தக் கதையைச் சிக்கலாக்கியது. ஆனாலும் டஃபி உள்ளவர்களிடம் இதுவே தலைவாசல் என்பதில் மாற்றமில்லை.

இந்தியாவில் படிக்கும் மாணவருக்கு இந்த இணை கூடுதலாகப் பொருந்துகிறது. சென்னையின் நகர்ப்புற மலேரியாவில் வைவாக்ஸ்தான் முதன்மையானது. அனோஃபிலிஸ் ஸ்டீஃபென்சி கொசு மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகுவதால் அது நீடித்தும் வந்திருக்கிறது. இந்தப் புரதத்தின் இரண்டாம் பகுதியை இ.கோலையில் உண்டாக்கி, கரையாத திரளிலிருந்து மறுமடிப்புச் செய்து, செயல்படும் நிலைக்குக் கொண்டுவந்தது புது தில்லியில் சேத்தன் சிட்னிஸ் தலைமையில் இயங்கிய குழு. அந்தப் பணி தடுப்பூசிச் சோதனைகள் வரை சென்றது. பாலூட்டிச் செல்கள் இல்லாத ஆய்வகமும் பின்பற்றக்கூடிய தயாரிப்பு வழி ஒன்று ஏற்கெனவே இருப்பது சிறிய வசதி அன்று.

பாலூட்டிச் செல் வளர்ப்பு இருப்பவர்களுக்கு இன்னொரு முறையும் உண்டு. காஸ்-7 எனும் குரங்குச் செல்களின் மேற்பரப்பில் இந்தப் புரதம் தோன்றும்படி மரபணுவைச் செலுத்தி, இரண்டு நாள் கழித்து மனிதச் சிவப்பணுக்களை மேலே விட்டு, மெதுவாகக் கழுவிவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், நடுவில் ஒளிபுகும் பெரிய செல்லும் அதைச் சுற்றிப் பூவிதழ்போல் அடுக்கிய சிவப்பணுக்களும் தெரியும். அந்த ரோசெட்டுகளை எண்ணுவதுதான் அளவீடு. எண்ணுபவர் எந்தக் கிணற்றில் எந்த ரத்தம் என்று அறியாதபடி குறியீடு இட வேண்டும். ரோசெட் என்று எதை ஏற்பது என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே எழுதி வைப்பதும் அவசியம். செல்லின் மேற்பரப்பில் பாதிக்கு மேல் சிவப்பணுக்கள் மூடியிருந்தால் மட்டும் எண்ணுவது வழக்கம்.

நெகட்டிவ் கன்ட்ரோல்தான் இங்கே கவனிக்க வேண்டிய இடம். டஃபி இல்லாத ரத்தம் இந்தியாவில் கிடைப்பது அரிது. அதற்காகக் காத்திருந்தால் காலம் போய்விடும். கைமோடிரிப்சின் இந்த ஏற்பியை வெட்டிவிடும், டிரிப்சினும் நியூராமினிடேஸும் வெட்டுவதில்லை. அதாவது மேலே சொன்ன நான்கு பட்டைகளின் வரிசை, இபிஏ-175-க்கு நேர் எதிராக வரும். இரண்டு புரதங்களையும் ஒரே நாளில் ஒரே ரத்தத்தில் வைத்துச் செய்தால், ஒன்று மற்றொன்றுக்குக் கன்ட்ரோலாக நிற்கும். என் கணிப்பில், எளிய உபகரணங்களைக் கொண்டு செய்யக்கூடிய மிக நேர்த்தியான ஆய்வு அமைப்பு இதுவே.

இன்னொரு நல்ல கேள்வியும் இங்கே காத்திருக்கிறது. டஃபி ஏற்பிக்கு எஃப்ஒய்-ஏ, எஃப்ஒய்-பி என இரண்டு வடிவங்கள் உண்டு. ஒரே ஓர் அமினோ அமிலத்தில்தான் வேறுபாடு. எஃப்ஒய்-ஏ வடிவத்தோடு ஒட்டுண்ணிப் புரதம் பிணைவது 41 முதல் 50 சதவீதம் வரை குறைவு என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. ரத்த வங்கியில் வழக்கமாகப் பயன்படும் எதிர்ச்சீரங்களாலேயே கொடையாளர்களை வகைப்படுத்தலாம் என்பதால், இந்த ஒப்பீட்டை ஓர் ஆய்வேட்டுக்குள் அடக்க முடியும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், வைவாக்ஸைத் தொடர்ந்து வளர்க்க முடியாது என்பதில். அது ரெட்டிகுலோசைட் எனும் இளம் சிவப்பணுவில் மட்டுமே நுழையும். நம் ரத்தத்தில் அவை 1 முதல் 2 சதவீதம்தான். ஆனால் டஃபி ஏற்பியோ முதிர்ந்த சிவப்பணுவிலும் இருக்கிறது. எனவே முதிர்ந்த செல்லில் நீங்கள் அளக்கும் பிணைப்பு, நுழைவின் பாதிக் கதையைத்தான் சொல்லும். மீதிப் பாதியில், டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைப் பிடிக்கும் வேறு புரதங்கள் இருக்கின்றன. நுழைவையே அளக்க விரும்புவோர், மனிதச் சிவப்பணுவில் வளரப் பழக்கப்பட்டு, வைவாக்ஸின் மரபணு ஏற்றப்பட்ட நோலெசி ஒட்டுண்ணியை நாட வேண்டியிருக்கும். அது முனைவர் பட்ட அளவுக்கு உரிய, வசதியுள்ள ஆய்வகத்துக்கு உரிய வேலை.

## ஆர்எச்5 – பேசிஜின்

கடிதம் எழுதுவோரில் பாதிப்பேர் கேட்பது இதைத்தான். காரணம் நியாயமானது. கேவின் ரைட்டின் குழு 2011-இல் பேசிஜினை ஆர்எச்5-இன் ஏற்பியாகக் கண்டறிந்தபோது, சோதித்த ஃபால்சிபாரம் திரிபுகள் எல்லாமே இந்த ஒரு வழியை நம்பியிருப்பது தெரிந்தது. இந்த மரபணுவை நீக்கிவிட்டு ஒட்டுண்ணியை வளர்க்க முடிந்ததில்லை. திரிபுக்குத் திரிபு வேறுபாடும் குறைவு. புர்கினா ஃபாசோவில் குழந்தைகளிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் ஆர்எச்5 தடுப்பூசி, மூன்றாம் தவணையைத் தள்ளிப் போட்ட அட்டவணையில், ஆறு மாதத்தில் 55 சதவீதப் பலன் தந்தது.

ஆனால் இந்தப் பிணைப்பு பலவீனமானது. தனி மூலக்கூறுகளாக வைத்தால் நாட்டம் (பிடிப்பின் வலிமை) ஒரு மைக்ரோமோலார் அளவில் இருக்கிறது. பிடித்த கையை விரைவில் விட்டுவிடும். சாதாரணமாகக் கழுவும் சோதனையில் அது கழுவிக்கொண்டு போய்விடும். ரைட்டின் குழு இதை வென்ற முறை நினைவில் நிற்கும் ஒன்று. ஒரு புரதத்தை ஐந்து ஐந்தாகக் கட்டி, அதனுடன் பீட்டா-லாக்டமேஸ் நொதியை இணைத்தார்கள். ஐந்து கைகள் ஒரே நேரத்தில் பிடிப்பதால் பிணைப்பு நிலைக்கிறது. அந்த நொதி நிறம் மாற்றும் நைட்ரோசெஃபினை விட்டதும் அந்தக் கிணற்றில் மட்டும் மஞ்சள் சிவப்பாக மாறுகிறது.

எங்கள் ஆய்வகத்தில் நானே செய்த பிழை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். செலவைக் குறைப்பதற்காக ஆர்எச்5-ஐ இ.கோலையில் தயாரிக்கும்படி ஒரு மாணவியிடம் சொன்னேன். ஜெல்லில் ஒற்றைப் பட்டை, எதிர்பார்த்த எடை. சிவப்பணுவில் மட்டும் அது பெரும்பாலும் ஒட்டவில்லை. ஒட்டியபோதோ பேசிஜின் எதிர்ப்பொருளை இட்டாலும் இடாவிட்டாலும் ஒரே அளவு ஒட்டியது. மடிப்புத் தவறியிருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதமும் அவருடையவை. பாலூட்டிச் செல்லிலோ பூச்சிச் செல்லிலோ தயாரிக்கும் வசதி இல்லாத இடத்தில் இந்தப் புரதத்தைத் தொடாதீர்கள் என்று அதன் பிறகு எல்லோருக்கும் சொல்லிவருகிறேன்.

கணினி வழி ஆய்வு செய்வோர் 2014-இல் வெளியான ஆர்எச்5–பேசிஜின் படிக அமைப்பை வைத்து டாக்கிங் (மூலக்கூறுகளைக் கணினியில் பொருத்திப் பார்த்தல்) செய்ய விரும்புவதும் உண்டு. செய்யலாம். ஆனால் சவ்வில் பேசிஜின் தனியாக நிற்பதில்லை. கால்சியம் வெளியேற்றும் பம்ப் ஒன்றோடோ லாக்டேட் கடத்தியோடோ சேர்ந்தே நிற்கிறது. அந்தக் கூட்டமைப்போடு ஆர்எச்5 தனிப் பேசிஜினைவிட இறுக்கமாகப் பிணைகிறது. ஒட்டுண்ணியின் பக்கத்திலும் ஆர்எச்5 தனியாக வருவதில்லை. சைஆர்பிஏ, ரிப்ர் ஆகிய புரதங்களோடு கூட்டாகவே செயல்படுகிறது. வெறும் இரண்டு மூலக்கூறுகளை வைத்துத் தேடிய மருந்து மூலக்கூறு சவ்வின் மேலும் அப்படியே வேலை செய்யும் என்று எழுதுவதற்கு முன் இதை எண்ணிப்பாருங்கள்.

செல் வளர்ப்பும் பிணைப்பின் வலிமையை அளக்கும் மேற்பரப்பு பிளாஸ்மான் கருவியும் உள்ள இடத்தில், தடுப்புக் கேள்வியை முதன்மையாகக் கொண்ட முனைவர் பட்ட ஆய்வுக்கு இதற்கு இணை இல்லை.

## ஈஎம்பி1 – சிஆர்1, ரத்தவகைச் சர்க்கரைகள்

இது நுழைவுப் புரதம் அன்று. உள்ளே குடியேறிய ஒட்டுண்ணி சிவப்பணுவின் மேற்பரப்பில் முளைக்கும் குமிழ்களின் மேல் இதை நிறுத்துகிறது. சில வடிவங்கள் ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடிக்கின்றன. சில வடிவங்கள் தொற்றாத சிவப்பணுக்களின் சிஆர்1 என்ற ஏற்பியையோ ரத்தவகைச் சர்க்கரைகளையோ பிடித்து, அவற்றைச் சுற்றி ஒட்டவைத்து ரோசெட் ஆக்குகின்றன. ஒவ்வொரு ஒட்டுண்ணியிலும் ஏறத்தாழ 60 மரபணுக்கள் இதற்கென இருக்க, ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளிப்படுகிறது. வளர்ப்பில் விட்டுவைத்தால் அது மாறிக்கொண்டே போகும். ரோசெட் செய்யும் ஒட்டுண்ணிகளை மீண்டும் மீண்டும் பிரித்தெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் இதன் மறைமுகச் செலவு. விடுமுறை எடுத்துத் திரும்பினால் நீங்கள் விட்டுச்சென்ற வளர்ப்பு அங்கே இருக்காது.

இருந்தும் இதற்கென்று ஒரு தனிப் பயன் உண்டு. மாலியில் குழந்தைகளிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், ஓ ரத்தவகை கடுமையான மலேரியாவின் வாய்ப்பை 66 சதவீதம் குறைத்தது. அந்தப் பாதுகாப்பு ரோசெட் குறைவதோடு தொடர்புடையதாக இருந்தது. ரத்தவகை, ஹீமோகுளோபின் வகை போன்ற மனித வேறுபாடுகளைப் படிக்க விரும்புவோருக்கும், மருத்துவமனையோடு சேர்ந்து இயங்கும் ஆய்வகங்களுக்கும் இது பொருந்தும். அரிவாள் ஹீமோகுளோபின் உள்ள செல்களில் இந்தப் புரதம் குறைவாகவே மேற்பரப்புக்கு வருகிறது. 1952-லேயே அரிவாள் பண்பு கண்டறியப்பட்ட நீலகிரிப் பழங்குடிகளிடம் இதை ஆராயலாமே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். சமூகத்தின் ஒப்புதலும் மருத்துவப் பயனும் முன்கூட்டியே உறுதியாகாமல் அந்த எண்ணத்தைத் தொடங்கக்கூடாது.

## பட்டியலில் இல்லாத ஒன்று

நுழைவில் பங்குபெறும் ஏஎம்ஏ1 என்ற ஒட்டுண்ணிப் புரதம் ஏன் இங்கே இல்லை என்று கேட்பீர்கள். அது பிடிப்பது சிவப்பணுவின் ஏற்பியை அன்று. ஒட்டுண்ணியே சிவப்பணுவின் சவ்வுக்குள் செலுத்தி வைக்கும் ரான்2 என்ற தன் புரதத்தை. "ஏஎம்ஏ1-இன் சிவப்பணு ஏற்பி" என்று தலைப்பு வைத்தால் முதல் நேர்காணலிலேயே கேள்வி எழும்.

## பதிவுக்கு முன் செய்ய வேண்டியவை

எந்த இணையை எடுத்தாலும் மனித ரத்தத்துக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், மறுசேர்க்கை மரபணு வேலைக்கு நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். இரண்டு விண்ணப்பங்களையும் மரபணுவை ஆர்டர் செய்யும் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். கொடையாளர்களின் ரத்தவகையையும், இயன்றால் டஃபி வகையையும் ஹீமோகுளோபின் வகையையும், முதல் நாளே பதிவேட்டில் ஏற்றுங்கள்.

ரத்தம் எடுக்கும் குழாயையும் நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். ஆய்வக உதவியாளர் கைக்கு எட்டிய பச்சை மூடிக் குழாயில் எடுத்துத் தந்துவிடுவார். அதில் ஹெப்பாரின் இருக்கிறது. ஹெப்பாரின் ரோசெட்டைக் கலைக்கும், மெரோசோயிட் நுழைவதையும் தடுக்கும். சிட்ரேட் கலந்த குழாயில் எடுத்து, வெள்ளணுப் படலத்தை நீக்கி, ஆர்பிஎம்ஐ ஊடகத்தில் மூன்று முறை கழுவிய சிவப்பணுக்களையே பயன்படுத்துங்கள்.